உச்சி வெயிலில் ரேஸ்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில், மொனாக்கோ நீங்கலாக, ஓட வேண்டிய தூரம் 305 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இடையில் தடங்கல் இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடி விழுந்துவிடும். அதைப் பார்க்க வந்தவர் காலை ஒன்பது மணிக்கே கேலரியில் துண்டு போட்டு இடம் பிடித்திருப்பார். துணைப் பந்தயங்கள், அணிவகுப்பு, முக்கியப் பந்தயம், பரிசளிப்பு என்று எல்லாம் முடிந்து, வாகன நிறுத்தத்திலிருந்து வண்டியை வெளியே எடுக்கும்போது மாலை ஆறு மணி ஆகியிருக்கும். ஆக, வெயிலில் அதிக நேரம் காய்வது பார்வையாளர்தான். ஓட்டுநரைச் சுற்றி மருத்துவரும் பயிற்சியாளரும் ஐஸ் கட்டி நிரப்பிய தொட்டியும் இருக்கும். பார்வையாளரிடம் இருப்பது ஒரு தொப்பியும், பாதி காலியான தண்ணீர் பாட்டிலும். வெப்ப நாடுகளில் ரேஸ் பார்க்கப் போகிறவர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

சென்னைக்காரர்களுக்கு ரேஸ் என்றதும் இரண்டு ஊர்ப் பெயர்கள் நினைவுக்கு வரும். ஒன்று சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் அங்கே பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. மற்றொன்று இருங்காட்டுக்கோட்டை. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாக, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த 3.717 கிலோமீட்டர் நீளப் பந்தயத்தடம் 1990 முதல் அங்கே இயங்கிவருகிறது. இரண்டிலும் பொதுவானது வெட்டவெளி. பந்தயத்தடத்தை மரங்களுக்கு நடுவில் அமைக்க முடியாது. கட்டுப்பாட்டை இழந்து தடத்தைவிட்டு விலகும் கார், எதன்மீதும் மோதாமல் வேகம் குறைந்து நிற்க வளைவுகளின் வெளிப்பக்கம் அகலமான திறந்த நிலம் தேவை. ஓட்டுநரின் உயிரைக் காக்கும் அந்த ஏற்பாடு பார்வையாளரின் நிழலைப் பறித்துவிடுகிறது.

நிழல் இல்லாதது பாதிப் பிரச்சினைதான். மேலிருந்து வரும் வெயில் போதாதென்று கீழிருந்தும் வெப்பம் வரும். காற்றின் வெப்பம் 36 டிகிரி இருக்கும் நாளில் கருந்தார் 50 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். கான்கிரீட் படிகளும் இரும்புக் கைப்பிடிகளும் அதோடு போட்டி போடும். காலையில் உட்கார்ந்த படியிலேயே மதியம் கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: உடம்பு மறைத்திருந்த ஒரு சாண் இடமும் அதற்குள் தோசைக்கல் ஆகியிருக்கும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. நம் பந்தயப் பருவத்தின் கணிசமான நாட்கள் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. சுவரோரம் ஒதுங்கி நின்றாலும் அப்போது நிழல் கிடைக்காது.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியாவதுதான் இங்கே முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் கடலோர ஊர்களில் வியர்வை வழியுமே ஒழிய, எளிதில் உலராது. வேலூரின் காய்ந்த 39 டிகிரியைத் தாங்கியவர் சென்னையின் புழுக்கமான 35 டிகிரியில் சுருண்டுபோவது இதனால்தான். வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது அரைகுறைத் தகவலை நம்புவதாகும். ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்லும் ‘உணரும் வெப்பம்’ என்ற எண்தான் ரேஸ் நாளுக்குப் பொருந்தும்.

ஓட்டுநர்களின் உலகம் இதைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. 1955 ஜனவரியில் புவனோஸ் அயர்ஸில் நடந்த அர்ஜென்டினா பந்தயத்தில் வெக்கை தாங்காமல் ஓட்டுநர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் காரைக் கைமாற்றிக்கொண்டார்கள். அன்றைய விதி அதை அனுமதித்தது. தொடக்கம் முதல் முடிவு வரை தன் காரைத் தானே ஓட்டி முடித்தவர்கள் இருவர்தான்: வெற்றிபெற்ற ஃபாஞ்சியோவும் ராபர்ட்டோ மியேரஸும். இருவரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள், அந்த வெயிலுக்குப் பழகியவர்கள். 1984 ஜூலையில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் வெயிலில் தடமே பெயர்ந்து வந்தது. முடிவுக்கோட்டை நோக்கித் தன் காரைத் தள்ளிக்கொண்டு போன நைஜல் மான்செல் வழியிலேயே மயங்கி விழுந்தார். வென்ற கேகே ராஸ்பெர்க் தலைக்கவசத்துக்குள் குளிர்ந்த நீர் ஓடும் குல்லாய் ஒன்றைப் போட்டிருந்தார். அன்று அது வேடிக்கையாகப் பார்க்கப்பட்டது.

அந்த வேடிக்கை விதிப்புத்தகத்தில் ஏற நாற்பது ஆண்டுகள் ஆயின. 2023 அக்டோபரில் கத்தாரின் லுசைல் தடத்தில் இரவு நேரத்தில் நடந்த பந்தயத்தில் எஸ்தபான் ஓகான் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லோகன் சார்ஜென்ட் உடம்பு முடியாமல் பாதியில் விலகினார். அதற்கு இரண்டு வாரம் முன்பு நொய்டாவுக்கு அருகேயுள்ள புத் தடத்தில் நடந்த மோட்டோ ஜிபி பைக் பந்தயத்தில், வெப்பத்தைக் கருதி 24 சுற்றுகளை 21 ஆகக் குறைத்தும், இரண்டாம் இடம் பிடித்த ஹோர்ஹே மார்ட்டின் பந்தயம் முடிந்ததும் நீரிழப்பால் தளர்ந்து விழுந்தார். கத்தார் பந்தயம் அடுத்த ஆண்டு டிசம்பருக்கு மாறியது. 2025 முதல், பந்தய நேரத்து உணரும் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டும் என்று கணிப்பு வந்தால் ‘வெப்ப அபாயம்’ அறிவிக்கும் விதியை, இந்தப் பந்தயங்களை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. கொண்டுவந்தது. அறிவித்தால் காரில் குளிரூட்டும் கருவி பொருத்தியாக வேண்டும். குழாய்கள் தைத்த உட்சட்டையை அணிவது 2025இல் ஓட்டுநரின் விருப்பமாக இருந்தது. அந்த ஆண்டு சிங்கப்பூரில் முதல்முறையாக அந்த அறிவிப்பு வந்தது. உடல்தகுதி மிகுந்த விளையாட்டு வீரர்களுக்கு 31 டிகிரியில் எச்சரிக்கை. சென்னையில் உணரும் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டாத பகல் பொழுதுகள் ஆண்டில் மிகக் குறைவு. கேலரியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த எச்சரிக்கையை யாரும் அறிவிக்கப் போவதில்லை.

பார்வையாளர் எடுக்கும் முதல் பாதுகாப்பு நடவடிக்கை டிக்கெட் வாங்கும்போதே தொடங்குகிறது. எந்த வளைவில் முந்துவார்கள், எங்கே மோதுவார்கள் என்று விசாரிக்கும் ரசிகர்கள், இருக்கைக்கு மேல் கூரை உண்டா என்று கேட்பதில்லை. 1999 முதல் 2017 வரை மலேசியாவின் ஃபார்முலா 1 பந்தயம் நடந்த செப்பாங் தடம் இதற்கு நல்ல பாடம். கட்டடக் கலைஞர் ஹெர்மன் டில்கே அங்கே பிரதான கேலரிக்கு விரிந்த இலை போன்ற பெரிய கூரைகளை அமைத்தார். அதே தடத்தில் புல் மேடுகளில் உட்கார்ந்து பார்க்கும் மலிவு டிக்கெட்டும் உண்டு. அங்கே கூரையும் இல்லை, இருக்கையும் இல்லை. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் இருக்கைக்கானது என்று நினைப்பவர்கள் மதியம் ஒரு மணிக்கு அது கூரைக்கானது என்று புரிந்துகொள்வார்கள். மூன்று நாள் நிகழ்ச்சி என்றால், பயிற்சி ஓட்டம் நடக்கும் முதல் நாளில் மலிவு டிக்கெட்டில் நடந்து சுற்றிப் பார்ப்பதும், இறுதி நாளில் கூரைக்கடியில் உட்காருவதும் புத்திசாலித்தனமான செலவு.

கூரை இருந்தாலும் திசை பார்க்க வேண்டும். வீடு கட்டும்போது வாசல் எந்தப் பக்கம் என்று பத்துப் பேரைக் கேட்பவர்கள், கேலரி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று ஒருமுறை கேட்கலாம். பெரும்பாலான முக்கியப் பந்தயங்கள் பிற்பகலில் நடக்கின்றன. மேற்கு நோக்கிய கேலரியில், மூன்று மணிக்கு மேல் சாய்ந்த வெயில் கூரைக்கடியில் புகுந்து நேராக முகத்தில் அடிக்கும். கார் வரும் திசையைக் கண்கூசாமல் பார்க்கக்கூட முடியாது. கிழக்கு நோக்கிய கேலரியில் காலையில் சிரமம், பிற்பகலில் சுகம். தடத்தின் வரைபடத்தில் வடக்குக் குறி இருக்கும்; கைபேசியின் நிலப்படத்திலும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கூரையுள்ள கேலரியில் பின்வரிசைகளே நல்லவை. முன்வரிசையில் கார் பக்கத்தில் தெரியும் என்ற ஆசையில் உட்காருபவர் கூரையின் நிழலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். அதோடு, மேலிருந்து பார்த்தால்தான் தடத்தின் கூடுதல் நீளம் கண்ணுக்குத் தெரியும்.

வெயிலுக்கு அஞ்சிப் பந்தயத்தையே இரவுக்குத் தள்ளிய ஊர்களும் உண்டு. சிங்கப்பூர் 2008இல் ஃபார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயத்தை நடத்தியது. அதில் ஐரோப்பியத் தொலைக்காட்சி ரசிகர்களின் வசதிக்கும் பங்கு உண்டு. பாலைவனத்துப் பஹ்ரைன் 2014 முதல் விளக்கொளிக்கு மாறியது. சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் இரவுப் பந்தயம் நடந்தது. முந்தைய டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டிய அந்தப் பந்தயம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. இரவில் சூரியன் இல்லை என்பது உண்மை. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைத் தாரும் கட்டடங்களும் இரவில்தான் திருப்பிக் கொடுக்கின்றன. சூரியன் மறைந்தபின் ஈரப்பதமும் ஏறும். சிங்கப்பூரில் ஓட்டுநர்கள் இரண்டு, மூன்று கிலோ எடை குறைந்து காரிலிருந்து இறங்குவது இரவு பத்து மணிக்கு. ‘ராத்திரிதானே’ என்று தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களே அங்கே முதலில் தளர்கிறார்கள்.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடும் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும் விருந்தாளி. செப்பாங்கில் 2009ஆம் ஆண்டுப் பந்தயத்தை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினார்கள். வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியதில் 56 சுற்றுகளில் 31 சுற்று முடிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பாதிப் புள்ளிகளோடு முடித்துவைத்தார்கள். குடையை விரித்தால் பின்னால் இருப்பவருக்குப் பார்வை மறையும் என்பதால் கேலரிகளில் அதற்குப் பெரும்பாலும் தடை. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய மழைக்கோட்டு ஒன்று பையின் அடியில் கிடக்கட்டும். இடி இடித்தால் புல்மேட்டையும் கம்பிவேலியையும் விட்டு விலகி, கட்டடத்துக்குள் போக வேண்டும்.

உடுப்பில் பலரும் தவறுவது அபிமான அணியின் சட்டையால்தான். கறுப்பும் கருநீலமும் கலந்த பாலியஸ்டர் பனியன்கள் குளிர்நாட்டில் அழகு. ஆடி மாத வெயிலில் அவை போர்வை. தளர்வான வெளிர்நிறக் காட்டன் முழுக்கைச் சட்டை, காற்றோட்டமான பேன்ட், கழுத்தையும் காதையும் மறைக்கும் சுற்றுவிளிம்புத் தொப்பி. இவ்வளவு போதும். முன்விளிம்பு மட்டும் உள்ள கிரிக்கெட் தொப்பி மூக்கைக் காக்கும், பிடரியைக் கைவிட்டுவிடும். மேற்சட்டையை நனைத்துப் போட்டுக்கொள்ள முடியாதவர்களுக்கு நம் ஊர்த் துண்டைப்போல உதவும் பொருள் வேறில்லை. நனைத்துப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டால் குளிர்ச்சி. தலையில் போட்டால் நிழல். மடித்துப் போட்டால் சுடும் படியில் மெத்தை. இரண்டு துண்டுகள் எடுத்துக்கொள்வது நல்லது, ஒன்று எப்போதும் ஈரமாக இருக்கும்படி. காலுக்கு மூடிய காலணி. தடத்தைச் சுற்றி நடக்க வேண்டிய தூரம் எதிர்பார்ப்பதைவிட எப்போதும் அதிகம். செருப்போடு போனால் புறங்காலில் வார் மறைக்காத தோல் மட்டும் கறுத்துத் திரும்பும். சன்ஸ்கிரீன் பூசுபவர் வெயிலில் இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும். மாநிறத் தோலுக்கு இது தேவையில்லை என்பது வெறும் நம்பிக்கை. தோல் சிவக்காமல் இருந்தாலும் புற ஊதாக் கதிர் தன் வேலையைச் செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் முதல் விதி, ரேஸ் நாளுக்கு முந்தைய நாளே குடிக்கத் தொடங்குவது. ஓட்டுநர்களின் பயிற்சியாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். முந்தைய இரவு நல்ல தூக்கம் வேண்டும், மது வேண்டாம். காலையில் சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் உடம்பு தயார். அடர் மஞ்சளாக இருந்தால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே கடன் விழுந்துவிட்டது. கேலரியில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் வரை, தாகத்துக்குக் காத்திராமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்ல அளவு. கழிவறை வரிசைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம், முக்கியமாகப் பெண்களிடம், பரவலாக இருக்கிறது. அதற்கு அமைப்பாளர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆயினும் முக்கியப் பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, துணைப் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்வந்தால் வரிசை சிறிதாக இருக்கும்.

இரண்டாவது விதி, வெறும் தண்ணீரை மட்டுமே குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வியர்வையோடு உப்பும் போகிறது. போன உப்பை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அது வெயிலால் வந்த மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பவர்களும் உண்டு. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம், இளநீர், மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவை இந்தக் குறையைத் தீர்க்கும். பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கால் லிட்டர் பாட்டிலில் ஒரு லிட்டருக்கான பொடியைக் கொட்டினால் தீங்கு. கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் பருவத்தில் நுங்கும் இளநீரும் விற்கும்; தடத்துக்குள் விற்கும் குளிர்பானத்தைவிட அவை எவ்வளவோ மேல். பல இடங்களில் கண்ணாடிப் பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள். சில இடங்களில் மூடியையும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். டிக்கெட்டின் பின்புறத்து விதிகளை முதல் நாளே படித்துவிட்டால் வாசலில் வாக்குவாதம் இருக்காது. ஒரு பாட்டிலைப் பாதி அளவு நிரப்பி இரவே ஃப்ரீசரில் வைத்து, காலையில் மீதியைத் தண்ணீரால் நிறைத்தால் மதியம் வரை குளிர்ச்சி நிற்கும். துண்டில் சுற்றி வைத்தால் துண்டும் நனைந்திருக்கும்.

கட்டுச்சோறு கொண்டுபோகிறவர்களுக்கு நம் சமையலறையில் பழைய தீர்வுகள் இருக்கின்றன. புளியோதரை வெயிலைத் தாங்கும். தேங்காய் சேர்த்த எதுவும் தாங்காது. தயிர்சாதத்தைத் தயிராகவே பிசைந்து எடுத்துப் போனால் பதினொரு மணிக்கே புளித்துவிடும். குழைந்த சாதத்தை நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிரைக் கலந்து மூடினால், ரேஸ் இடைவேளைக்குள் அது தானே உறைந்து பதமாக இருக்கும். பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய், போன உப்புக்கு அதுவும் ஒரு ஈடு. வெயிலில் வயிறு முட்டச் சாப்பிட்டால் இரத்தம் செரிமானத்துக்குப் போய்விடும். தோலுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து வெளியேற்ற வேண்டிய இரத்தமும் அதுதான். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை.

பந்தய நாள் முழுவதும் ஒரே மாதிரி முக்கியமானதல்ல என்பதை அனுபவமுள்ள ரசிகர்கள் அறிவார்கள். காலையில் வெயில் ஏறும் முன்பு நடக்கும் பயிற்சி ஓட்டங்களின்போது தடத்தைச் சுற்றி நடந்து வளைவுகளைப் பார்த்துவிடுவார்கள். படம் எடுக்கவும் அதுவே நேரம். உச்சி வெயிலில் நேர்ச்சாலையின் மீது கானல் அலையடிக்கும். தூரத்துக் கார்கள் தண்ணீரில் மிதந்து வருவது போலிருக்கும். கண்ணுக்கு அது அருமையான காட்சி, பெரிய லென்ஸில் எடுக்கும் படத்துக்கோ கேடு. எவ்வளவு விலையுள்ள கேமராவாலும் அந்த அலையைத் தாண்டிக் கூர்மையாக எடுக்க முடியாது. பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை, துணைப் பந்தயம் ஒன்றைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று நிழலில் கழிப்பவர்கள், முக்கியப் பந்தயத்தின் கடைசிச் சுற்றைத் தெளிவான தலையோடு பார்ப்பார்கள். வெயில் பந்தயத்தையும் மாற்றுகிறது. சூடான காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சின் கொஞ்சம் வலு இழக்கும். கொதிக்கும் தாரில் டயர் சீக்கிரம் தேயும். முன்னால் போகும் காரை ஒட்டியே ஓட்டினால் பின்காரின் எஞ்சின் குளிர்காற்று கிடைக்காமல் சூடேறும். அதனால் ஓட்டுநர் அவ்வப்போது பக்கவாட்டில் விலகிக் காற்று வாங்குவார். முந்தப் போகிறார் என்று எழுந்து கத்துபவர்கள் ஏமாந்து உட்காருவார்கள்.

காதையும் மறக்கக் கூடாது. 100 டெசிபல் ஒலியைப் பாதுகாப்பின்றிக் கேட்கப் பரிந்துரைக்கப்படும் வரம்பு பதினைந்து நிமிடம். பந்தயத்தடத்தில் அந்த அளவு எளிதில் தாண்டும். பஞ்சுபோன்ற காதடைப்பான்கள் வியர்வையில் நனைந்தால் வழுக்கி வெளியே வரும் என்பதால் இரண்டு ஜோடி வேண்டும். குழந்தைகளின் காதுத் துளை சிறியது. அவர்களுக்குக் காதை முழுவதும் மூடும் கவசம்தான் பொருந்தும்.

குழந்தைகளுக்கு வெயிலிலும் தனிக் கவனம் வேண்டும். அவர்களின் உடம்பு பெரியவர்களைவிட விரைவாகச் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லமாட்டார்கள். முதியவர்களுக்குத் தாகமே மந்தமாகத்தான் தெரியும். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், சளி, அலர்ஜி மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். முன்னது உடம்பின் நீரைக் குறைக்கும், பின்னதில் சில வகைகள் வியர்வையைக் குறைக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் அதைக் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அது கெட்டுவிடும். குழந்தையோ நாயோ உள்ளே இருந்தால் நிமிடக் கணக்கில் உயிருக்கே ஆபத்து. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

வெயில் உடம்பைத் தாக்குவது படிப்படியாக நடக்கும். முதலில் கெண்டைக்காலிலோ வயிற்றிலோ தசை இழுக்கும். அடுத்து வெப்பத் தளர்ச்சி: தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வெளிறிய ஈரமான தோல், வேகமான நாடித்துடிப்பு. இந்த நிலையில் இருப்பவர் பேசுவது தெளிவாகவே இருக்கும். ‘ஒண்ணுமில்ல, கொஞ்சம் அசதி’ என்பார். அவரை நிழலுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே உப்புக்கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்தால் அரை மணியில் தேறுவார். தேறிய பிறகும் அவர் திரும்ப வெயிலில் போய் உட்காரக் கூடாது. மீதிப் பந்தயத்தை அவர் திரையில்தான் பார்க்க வேண்டும்.

பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ அது வெப்பவாதம். உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள். தோல் காய்ந்து கொதித்தால்தான் வெப்பவாதம் என்று காத்திருக்கக் கூடாது. வியர்வை ஓடிக்கொண்டிருக்கும்போதே அது வரும். இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. எந்த அதிகாரப்பூர்வப் பந்தயமும் மருத்துவரும் ஆம்புலன்ஸும் தயாராக இல்லாமல் தொடங்குவதில்லை என்பதால், ஒருவர் அருகிலுள்ள மார்ஷல் எனப்படும் தடப் பணியாளரிடமோ முதலுதவிக் கூடாரத்துக்கோ ஓட வேண்டும். 108ஐ அழைக்கவும் தயங்க வேண்டாம். மற்றவர்கள் கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, விசிறி, ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க வேண்டும். குளிர்பானக் கடைக்காரரின் ஐஸ் பெட்டி அந்த நேரத்தில் மருந்துப் பெட்டி. நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. முதலில் குளிர்விப்பது, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்பதே மருத்துவ உலகின் இன்றைய வரிசை.

பந்தயம் முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலை நோக்கி நகர்வார்கள். அன்றைய வெயிலில் பலரும் தளர்வது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான். பாட்டில் காலி, பரபரப்பு அடங்கிவிட்டது, நகராத வரிசையில் சூடான வண்டிகளுக்கு நடுவே நிற்க வேண்டியிருக்கும். கடைசி அரை லிட்டர் தண்ணீரை இதற்கென்று ஒதுக்கி வைத்து, பரிசளிப்பு முடியும்வரை நிழலில் உட்கார்ந்திருந்து, கூட்டம் கலைந்த பிறகு கிளம்புவது நல்லது. காரின் கதவுகளைத் திறந்துவைத்து உள்ளிருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு ஏற வேண்டும். இருசக்கர வண்டியில் வந்தவர்கள் நெடுஞ்சாலையில் ஏறும் முன் முகம் கழுவிக்கொண்டு, ஒரு மோர் குடித்துவிட்டுப் போகலாம். நீரிழந்த உடம்பு பிரேக் பிடிக்கத் தாமதிக்கும். வீடு சேர்ந்த பிறகும் சிறுநீர் பல மணி நேரம் போகாமலோ தேநீர் நிறத்திலோ இருந்தால், மறுநாள் வரை பார்க்கலாம் என்று படுக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.